கதையை நிறுத்திய இடம்

உங்களுக்குப் பயிற்சியில் கொடுத்த கையேட்டை என் மருமகள் கொண்டுவந்து காட்டினாள். அவளும் உங்களோடு இந்த வருடம் டீச்சர் வேலைக்கு வந்தவள்தான். கதையைப் பாதியில் நிறுத்த வேண்டுமாம், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒரு கட்டம் கட்டி, பக்கத்தில் எரிகிற பல்பு ஒன்றையும் வரைந்திருந்தார்கள். மரக்காணத்தில் இந்தக் கட்டமெல்லாம் இல்லாமலே பல வருடம் நான் கதையை நிறுத்தியிருக்கிறேன். பல்பு எரிந்த நாட்கள் உண்டு. கரண்ட் போன நாட்கள் அதைவிட அதிகம்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கையேடு ஓரளவு சொல்லிவிடுகிறது. நிறுத்தியபின் வருகிற பதிலைக் கையில் வாங்கி என்ன செய்வது என்பதைத்தான் அது சொல்லவில்லை. எனக்கும் அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கோடை மேகமும் ஒரு மழை லீவும் சொல்லித் தந்தன. அந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாயிற்று உங்கள் பல்பாயிற்று.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் ஊர் கிடையாது. சுற்றுச்சுவர் முடிந்தால் உப்பளம். மதிய வெயிலில் பாத்திகளில் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்தபடியே சொக்கிப்போவார்கள். கணக்கு டீச்சர் கெட்டிக்காரி, காலை பீரியடுகளை எல்லாம் முதலிலேயே பிடித்துக்கொள்வார். தூக்கம் வருகிற நேரம் தமிழுக்கு. ஆரம்பத்தில் எனக்கு அது கோபமாக இருந்தது. போகப்போகப் பிடித்துவிட்டது. அரைத் தூக்கத்தில் கேட்கிற கதைக்கு ஒரு தனி ருசி இருக்கிறது. பிள்ளைகள் கதைக்குள் இருக்கிறார்களா, கூரை வெளிச்சத்துக்குள் இருக்கிறார்களா என்று நமக்கே தெரியாது.

நான் பெருமுக்கல் பக்கத்துக்காரி. ஏரியை நம்பிப் பயிர் வைத்த குடும்பம். மேகம் கறுத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலரும். அந்தக் கண்ணோடுதான் மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்தேன். வந்த புதிதில் ஏழாம் வகுப்புக்கு ஒரு சின்னக் கதை வாசித்தேன். காய்ந்து வெடித்த வயல், வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் ஒரு மனிதர். மேற்கே மேகம் திரண்டது என்ற இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டேன். துள்ளிக் குதிப்பார், மனைவியைக் கூப்பிடுவார், இப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“அவரு அழுவாரு மிஸ்,” என்றாள் முன் பெஞ்சு பெண் ஒருத்தி. தலையில் கை வைத்துக்கொள்வார் என்றான் இன்னொருவன். தார்ப்பாய் தேடி ஓடுவார் என்றான் மற்றொருவன். வகுப்பே ஆமாம் போட்டது. கதையைத்தான் மாற்றி வாசித்துவிட்டேனோ என்று நான் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அம்பாரம் அம்பாரமாக உப்பு, வெள்ளை வெளேரென்று. இவர்கள் வீட்டில் கோடை மழை வந்தால் சோறு கரைகிறது.

இதைக் கேட்டு நெகிழ்ந்துபோய், அதுவும் சரி இதுவும் சரி என்று தட்டிக்கொடுத்து உட்காரவைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் உப்பளத்தில் இல்லை, வயலில் இருக்கிறார். காய்ந்த வயல் என்று ஒரு வரி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப அவரு சிரிப்பாரு மிஸ்,” என்றாள். “எங்க அப்பாதான் அழும்.”

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை எந்த ஊகம் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: எந்த வரியில இருந்து சொல்ற? ஒரு பிள்ளையின் ஊகம் வரியிலிருந்தும் வரலாம், வீட்டிலிருந்தும் வரலாம். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் வரும். எது எங்கேயிருந்து வந்தது என்று பிள்ளைக்கே தெரிந்துவிட்டால் போதும், நம் வேலை முடிந்தது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது மட்டும்தான் இதில் கஷ்டமான பாடம், அதுவும் நமக்குத்தான்.

இனி மழை லீவு. இது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

அந்த வருட ஏழாம் வகுப்பில் நஸ்ரின் என்று ஒரு பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, கோட்டக்குப்பத்துக்காரர், கல்ஃபில் ஏசி மெக்கானிக். அம்மாவுக்குச் சொந்த ஊர் மரக்காணம் என்பதால் தாயும் மகளும் இங்கே பஜார் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். நஸ்ரின் வாயைத் திறந்து ஊகம் சொல்லவே மாட்டாள். முடிவைப் படித்து முடித்த பிறகு, எனக்கு அப்பவே தெரியும் என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பாள். அழுத்தக்காரி என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. அவளுக்கு நேர் எதிர் சந்துரு, மீனவர் குப்பத்துப் பையன். நான் தலைப்பைச் சொன்னதுமே முடிவைச் சொல்லிவிடுவான்.

அன்றைக்குப் பாடப் புத்தகக் கதை இல்லை. எப்போதோ ஒரு பழைய வார இதழிலிருந்து கிழித்துப் பத்திரப்படுத்தியிருந்த கதை. தாள் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு லாரி டிரைவர் வடநாட்டுக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான். இந்த வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறான். வீடு ரோட்டோரம். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் அவள் எட்டிப் பார்க்கிறாள். பொழுது சாய்கிறது. நான் வாசித்துக்கொண்டு வந்து நிறுத்திய இடம் இது: அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். குழம்பை மூடினாள். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கூரையில் வெளிச்சம் இல்லை அன்றைக்கு. வெளியே வானம் மூடியிருந்தது. டிரைவர் வருவானா என்று கேட்டேன். நான் பார்த்தறியாத அதிசயமாக நஸ்ரின் கையைத் தூக்கினாள்.

“வருவாரு மிஸ். ரெண்டு தட்டு வச்சிருக்காங்கல்ல.”

நல்ல பதில், வரியைப் பிடித்துச் சொன்ன பதில். ஆனால் சந்துரு விடவில்லை. அவன் அம்மாவும் தினம் இரண்டு தட்டு வைப்பாளாம். அப்பா போட்டிலிருந்து எப்போது கரைக்கு வருவார் என்று யாருக்குத் தெரியும், தட்டு வைப்பது பழக்கம், அதை வைத்து வருவார் என்று சொல்ல முடியாது என்றான். ஒரே வரிதான், இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நஸ்ரினுக்கு இல்லை. எழுந்து நின்று, உனக்கு என்னடா தெரியும் என்று கத்தினாள். கண் கலங்கிவிட்டது. ஒரு லாரி டிரைவருக்காக இவ்வளவா என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, மழையும் பிடித்துக்கொண்டது. முடிவை நாளைக்கு வாசிக்கிறேன் என்று சொல்லித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த நாளைக்கு வரவில்லை. புயல் சின்னம் என்றார்கள், கலெக்டர் லீவு விட்டார், மறுநாளும் விட்டார், அதற்கு மறுநாளும். கழுவெளிப் பக்கம் எது ஏரி எது உப்பளம் என்று தெரியாமல் ஒரே தண்ணீராகிவிட்டது என்று பால்காரர் சொன்னார். அந்த லீவின் நடுவில் ஒரு மதியம் நஸ்ரினின் அம்மா எனக்கு போன் செய்தார்.

“மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஏதோ கதைய பாதியில விட்டுட்டீங்களாமே. அந்த டிரைவரு வந்துட்டா அவளோட அத்தாவும் இந்த மாசம் வந்துடுவாருன்னு இவ மனசுல வச்சிக்கிட்டு இருக்கா. எங்க அக்கா பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா, அது வந்து எங்கிட்ட சொல்லிச்சு. அவருக்கு லீவு குடுக்கலைன்னு போன் வந்துடுச்சுங்க மிஸ். மூணு வருஷமா வருவாரு வருவாருன்னு இருக்குறோம். இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, இன்னும் சொல்லல. எனக்கே சோறு எறங்கல. கதையிலயாவது அந்தாள வர வச்சிடுங்களேன்.”

போனை வைத்தேன். எனக்கு முடிவு தெரியும். அவன் வருவதில்லை.

கணக்கு டீச்சரைப் போனில் கூப்பிட்டு யோசனை கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மாத்திப் படிச்சிடுங்க மேடம். இது என்ன கணக்கா, விடை ஒண்ணே ஒண்ணு இருக்குறதுக்கு?” என்றார். உண்மைதானே. தாள் என் கையில் மட்டும்தான் இருக்கிறது. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஒரு குழந்தை நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்த மழையில் உட்கார்ந்து நான் புது முடிவு ஒன்றை மனசுக்குள் கட்டினேன். தூரத்தில் ஹாரன் கேட்கும். ஜன்னல் இடுக்கு வழியாக லைட் வெளிச்சம் உள்ளே வந்து சுவரில் நகரும். கதவைத் தட்டும் சத்தம். நனைந்துபோய் நிற்பான், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருக்கும், மழைக்குப் பயந்து சட்டைக்குள் வைத்திருப்பான். சொல்லக்கூடாது, அசல் முடிவைவிட நன்றாகவே வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடியே கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. கனவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு லாரி மெல்ல வருகிறது, சக்கரம் நனையவில்லை, சத்தமும் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார்கள். யார் இறங்கப்போகிறார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம், எல்லோரும் என்னையே திரும்பிப் பார்க்கிறார்கள். விழித்தபோது மழை விட்டிருந்தது. அந்தப் பார்வை மட்டும் வெகுநேரம் போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வெயில் வந்திருந்தது. பாத்தி வரப்பெல்லாம் மூழ்கி, வானம் முழுசாகத் தரையில் கிடந்தது. கூரையில் வெளிச்சம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கதையை மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன், வணக்கம் சொன்ன வாயோடு எல்லோரும் டிரைவரைக் கேட்டார்கள். தாளைப் பையிலிருந்து எடுத்தேன். இரண்டு முடிவும் என்னிடம் தயாராக இருந்தன. எதை வாசிக்கப்போகிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. நேரத்தைக் கடத்துவதற்காக, லீவில் யாராவது மனசை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

சந்துரு எழுந்தான். டிரைவர் வந்துவிடுவார் என்றான். எந்த வரியில் இருந்து சொல்கிறாய் என்று கேட்டால், அவன் அப்பா மழைக்கு முன்னாலேயே பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டாராம். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அப்புறம் நஸ்ரின் கையைத் தூக்கினாள். இந்த முறை நிதானமாக எழுந்தாள்.

“வரமாட்டாரு மிஸ்.”

“எந்த வரியில இருந்து சொல்ற?”

“தட்டு வச்சிட்டு அந்தம்மா போய்க் கதவ தாழ்ப்பா போட்டாங்கல்ல. வர்றவருக்கு யாராவது தாழ்ப்பா போடுவாங்களா? வரமாட்டாருன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடுச்சு.”

அந்த வரியை நான்தான் வாசித்தேன். வருடா வருடம் வாசித்திருக்கிறேன். எந்தப் பிள்ளையும் தாழ்ப்பாளைப் பிடித்ததில்லை, எல்லோரும் தட்டோடு நின்றுவிடுவார்கள். இவள் அதை லீவு முழுக்க மனசுக்குள் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தனக்கு வேண்டிய பதிலை விட்டுவிட்டு வரி சொல்கிற பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது என் ஸ்வீட் பாக்ஸ் முடிவை நான் வாசித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைவர் வந்துவிடுவான், வகுப்பு கை தட்டும். கண்ணால் பார்த்துச் சரியாகப் படித்த ஒரே பெண்ணிடம், நீ பார்த்தது தப்பு என்று நான் சொன்னதாக ஆகும். அப்புறம் அவள் எந்த வரியை நம்புவாள்? ஆறுதல் சொல்ல நூறு வழி இருக்கிறது. பிள்ளை தன் கண்ணைச் சந்தேகப்படும்படி செய்துவிட்டு ஆறுதல் சொல்ல முடியாது. இதை அந்த இடத்தில் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். தாளில் இருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.

அசல் முடிவு சின்னதுதான். வெளியே ஒரு லாரி வந்து, நிற்காமல் போகிறது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பசிக்கிறது. தன் தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள். பிறகு இரண்டாவது தட்டையும் இழுத்து, அவன் பங்கையும் போட்டுச் சாப்பிடுகிறாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு நிறைந்தது என்று கதை முடிகிறது. அவன் பங்கையும் சாப்பிட்டாள் என்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் நஸ்ரினைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்பவே தெரியும் என்று யாரிடமும் முணுமுணுக்கவும் இல்லை.

மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் என் மேஜைக்கு வந்து, மேஜை விளிம்பைத் தடவியபடி நின்றாள்.

“எங்க அத்தாவும் வரமாட்டாருல்ல மிஸ்?”

என்னுடைய இத்தனை வருடச் சர்வீஸில் அவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தெரியாது என்று சொன்னால் அது பொய். வேறு எதுவும் தோன்றாமல், பழக்கத்தில் வாய் அந்தக் கேள்வியையே கேட்டது.

“எதுல இருந்து சொல்ற?”

“அத்தாவுக்குன்னு அம்மா புது பெட்ஷீட் வாங்கி கட்டில்ல விரிச்சிருந்தாங்க மிஸ். யாரையும் உக்கார விடல. லீவுல அத மடிச்சு பீரோவுல வச்சிட்டாங்க. பரண்ல இருந்து எறக்கின பிரியாணி ஆக்குற பெரிய தேக்ஸாவையும் திரும்ப மேல ஏத்திட்டாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

அவள் குரல் உடையவில்லை. எனக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. நீ நல்லாப் பார்த்திருக்கிறாய் என்று சொன்னேன். மீதியை நான் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கூரை வெளிச்சம் அவள் முதுகில் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனது.

இதற்குமேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. கதையை நிறுத்துங்கள், கேளுங்கள், எந்த வரி என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வரியைப் பார்க்கப் பழகிய பிள்ளை புத்தகத்தை மூடிய பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அது என்ன பார்க்கப்போகிறது என்று உங்களால் ஊகிக்கவே முடியாது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நஸ்ரினின் அம்மா மறுபடியும் போன் செய்தார். எடுக்கும்போதே எனக்குப் பயம். திட்டுவார் என்றுதான் எடுத்தேன்.

“ஸ்கூல்ல இருந்து வந்தா மிஸ். நேரா அடுப்படிக்குப் போயி ரெண்டு தட்டு எடுத்து வச்சா. அத்தா வரலைன்னா பரவால்லம்மா, வா நாம சாப்புடலாம்னு சொல்றா. எனக்கு அழுகையா வந்துடுச்சு. ரெண்டு பேரும் இப்பதான் சாப்ட்டோம்.” மூக்கை உறிஞ்சினார். “நீங்க சொல்லிட்டீங்களா மிஸ்?”

“நான் ஒண்ணும் சொல்லலைங்க,” என்றேன். “அவளே படிச்சிக்கிட்டா.”